பென்சில் பிடிக்காத கை

அன்புள்ள அக்காவுக்கு,

முக்கூடலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் பீடி சுற்றுகிறேன். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். மகனுக்கு இரண்டு வயதும் பத்து மாதமும் ஆகின்றன. ஜூன் மாதம் ஒரு நர்சரி பள்ளியில் சேர்த்தோம். வீட்டு வாசலுக்கே வேன் வரும். தினமும் ‘அ’ ஒரு பக்கம், ஆங்கில எழுத்து ஒரு பக்கம் என்று வீட்டுப்பாடம் தருகிறார்கள். அவன் பென்சிலைத் தூக்கி எறிகிறான். கையைப் பிடித்து எழுதவைத்தால் அழுகிறான். ‘உங்கள் பையன் பின்தங்கியிருக்கிறான், வீட்டில் ஆங்கிலத்தில் பேசுங்கள், ரைம்ஸ் வீடியோ போட்டுக் காட்டுங்கள்’ என்கிறார் மிஸ். ஆனால் நான் இலை வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கழிவு இலையைச் சுருட்டி, நூல் சுற்றி, ‘அம்மா, கட்டு’ என்று நீட்டுகிறான். தெருவிலேயே பால்வாடி இருக்கிறது. அங்கே சோறு போட்டுத் தூங்கவைப்பார்கள், படிப்பு வராது என்கிறார் மாமியார். போன விஜயதசமிக்கே நெல்லில் எழுதவைத்தும் இன்னும் எழுத வரவில்லையே என்ற கவலையும் அவருக்கு இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தங்கைக்கு,

பென்சிலை எறிகிறான் என்ற வரியையும் இலையைச் சுருட்டி நூல் சுற்றுகிறான் என்ற வரியையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாவதைக் குறையாகவும் இரண்டாவதை விளையாட்டாகவும் எழுதியிருக்கிறீர்கள். எழுத்துக்கு வேண்டிய வேலையை அவன் கை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறது. பள்ளி கேட்பது அந்தக் கைக்கு இன்னும் வயதாகாத வேலை.

பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை அனைத்தும் குருத்தெலும்பாகவே இருக்கும். பின்னர் ஒவ்வொன்றாக இறுகத் தொடங்கும். கடைசி எலும்பு தோன்றுவதற்கு 9 வயதாவது ஆகும், சிலருக்கு 12 கூட ஆகலாம். மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மூன்று பொட்டுகள் தெரியும், மற்றதெல்லாம் வெற்றிடமாகத் தெரியும். அப்படிப்பட்ட கை பென்சிலை முஷ்டியால் பிடித்துத் தோளிலிருந்து அசைக்கும். பிறகு முழங்கையும் மணிக்கட்டும் பழகி, கடைசியில்தான் விரல்கள் தனியே இயங்கும். மூன்று விரல்களும் சேர்ந்த பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில் நிலைக்கிறது.

கோடு போடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. 2 வயதையொட்டி நிற்கும் கோடு, 3 வயதில் வட்டம், 4 வயதில் கூட்டல் குறி, அதற்குப் பிறகு சதுரம், 5 வயதுவாக்கில் முக்கோணம் என்று பார்த்து வரைய வருகிறது. சாய்ந்த கோடு வெகு தாமதமாகத்தான் வசப்படும். இப்போது நம் ‘அ’வைப் பாருங்கள்: ஒரு சுழி, அதிலிருந்து இறங்கி வளையும் கோடு, குறுக்கே ஒரு கிடைக்கோடு, ஓரத்தில் ஒரு நிற்கும் கோடு. ஆங்கிலத்தின் முதல் எழுத்தில் சாய்கோடுகள் இரண்டு. முதல் எழுத்து என்பது அகராதிக்காரர்களின் கணக்கு. கையின் கணக்கில் ‘ட’வும் ‘ப’வும்தான் முதலில் வரும், அவையும் இப்போதைக்கு அவசரமில்லை.

இதை எல்லாம் தெரிந்துகொள்வதற்கு முன்பு நானும் பிழை செய்திருக்கிறேன். மழலையர் வகுப்பில் ஆசிரியையாக இருந்தபோது, மறுநாள் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்பதற்காக, ஒரு சிறுமியின் கையைப் பிடித்து சிலேட்டு நிறைய ‘அ’ எழுதவைத்தேன். என் பிடியில் அவளுடைய விரல் நுனிகள் வெளுத்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். வந்தவர்கள் எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அது என் எழுத்து. அதற்கடுத்த நாள் அவள் வகுப்புக்குள் வரும்போது வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள். உங்கள் மகன் பென்சிலை எறிகிறான் என்றதும் எனக்கு அந்தப் பாவாடை மடிப்புதான் நினைவுக்கு வந்தது.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய முறையில் எழுத்துக்கு முன்னால் மர உருளைகள் வரும். ஒவ்வொரு உருளையின் தலையிலும் ஏறக்குறைய பென்சில் பருமனில் ஒரு சிறு குமிழ் இருக்கும், பிள்ளை அதை மூன்று விரலால் பற்றித் தூக்கி அதற்குரிய குழியில் பொருத்தும். அந்த உருளைகளை வாங்க உங்களிடம் பணம் இருக்காது, தேவையும் இல்லை. அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்பு சாமானில் குட்டிப் பானையின் மூடியைத் திறந்து மூடுகிற பிள்ளையும் இதே வேலையைத்தான் செய்கிறது. பீடி இலையை உருட்டும்போது எந்தெந்த விரல்கள் வேலை செய்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. சுளவில், அதாவது முறத்தில், கிடக்கும் புகையிலைத் தூள் இலையில் ஒட்டி, விரலில் ஒட்டி, வாய்க்குப் போகும். சிறு பிள்ளைக்கு அது நஞ்சு. சுருட்டட்டும், நூல் சுற்றட்டும், ஆனால் தூள் படாத இடத்தில், பனையோலை நறுக்கையோ பழைய செய்தித்தாளையோ வைத்துச் செய்யட்டும். நூலையும் சாண் நீளத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். எண்ணி விளையாடப் புளியமுத்து கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. மூன்று வயது தாண்டும்வரை வேண்டாம், அது மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போய்விடும். பனங்கொட்டை கொடுங்கள். அதை விழுங்க எந்தப் பிள்ளையாலும் முடியாது.

வீட்டில் ஆங்கிலம் பேசச் சொன்னதுதான் எனக்குக் கூடுதல் கோபத்தைத் தருகிறது. ‘அம்மா, கட்டு’ என்று அவன் நீட்டும்போது, ‘எத்தன கட்டுய்யா வச்சிருக்க? எந்தக் கட்டு பெருசு?’ என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான், தப்பாகச் சொல்வான், நீங்கள் சிரிப்பீர்கள், அவன் மறுபடி பார்ப்பான். எண்ணுவதும் ஒப்பிடுவதும் பதில் சொல்லுவதும் அந்த ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடுகின்றன. உங்களுக்குப் பழக்கமில்லாத மொழியில் பேசினால் ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்று நாலு கட்டளையோடு பேச்சு நின்றுபோகும். வீட்டுத் தமிழில் பேச்சு வளர்ந்த பிள்ளைக்கு அடுத்த மொழி அதன்மேல் ஏறிக்கொள்ளும். வீடியோ பதிலுக்குக் காத்திருப்பதில்லை. 2 வயது முதல் 4 வயது வரை திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அதே வழிகாட்டுதல் இந்த வயதுப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாடித் திரியவேண்டும் என்றும் சொல்கிறது.

பின்தங்கியிருக்கிறான் என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் பயந்திருப்பீர்கள். இந்த வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமல் இருந்தாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாமல் இருந்தாலோ, பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோனாலோ உடனே காதைப் பரிசோதிக்க வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின்படி ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவக் குழு பால்வாடிக்கே வந்து பார்க்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பால்வாடி விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் சத்துணவோடு முன்பருவக் கல்வியும் ஒரு சேவையாகவே சேர்க்கப்பட்டது. ஆனால் எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, கைப்பேசியில் விவரம் ஏற்றுவது எல்லாம் ஒரே டீச்சரின் தலையில் விழுவதால், சில இடங்களில் மிஞ்சுவது சோறும் தூக்கமும்தான். அவற்றையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம்: மூன்று வயதுப் பிள்ளை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்கவேண்டும், சோற்றைப் பிசைந்து தானே உண்பதும் விரலுக்கு வேலைதான். அடுத்த வாரம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். டீச்சர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாரா, பிள்ளைகளின் சத்தம் கேட்கிறதா, தொட்டுப் புரட்ட மண்ணும் தண்ணீரும் ஏதாவது சாமானும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். நர்சரிக்கும் அதே நேரத்தில் போய் அதே கண்ணோடு பாருங்கள். உள்ளே விட மறுத்தால் அதுவே ஒரு பதில்.

2022-இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டம் 3 முதல் 6 வயது வரை பாடப்புத்தகமே வேண்டாம் என்கிறது. உங்கள் மகன் அந்த மூன்றையே இன்னும் தொடவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் எழுத்து வீட்டுப்பாடத்தை நிறுத்தச் சொல்லி ஒருமுறை பணிவாகக் கேட்பேன், மறுத்தால் வேனை நிறுத்திவிட்டு, பால்வாடி சுமாராக இருந்தாலும் அங்கேயே அனுப்புவேன்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். நெல்லில் விரலால் எழுதவைத்தது சரியான வேலை, அதை ஒரே நாளோடு நிறுத்தியதுதான் தவறு. அந்தத் தட்டை மறுபடி எடுத்து நெல்லைப் பரப்பித் தரச் சொல்லுங்கள். மாலையில் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவன் கீறட்டும், கலைக்கட்டும், திரும்பக் கீறட்டும். அது என்ன எழுத்து என்று மட்டும் யாரும் கேட்காமல் இருந்தால் போதும்.