ஹீட்டர் ராடில் வெள்ளைப் பூச்சு: சுரண்டலாமா, ஆசிட் ஊற்றலாமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "போர் தண்ணீரில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடில் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்துவிட்டது. முன்பு அரை மணியில் சூடாகும் வாளி இப்போது முக்கால் மணி பிடிக்கிறது. கரண்ட் பில்லும் ஏறுமா? வீட்டுக்காரர் கத்தியால் சுரண்டுகிறார். பாத்ரூம் ஆசிட்டில் முக்கினால் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இந்த ஒரு வருஷத்தில் இது இரண்டாவது ராடு."

முதலில் கத்தியை வாங்கி உள்ளே வையுங்கள். ஆசிட் பாட்டிலையும் சேர்த்து.

மீனாட்சிபுரத்தில் கடை போட்டிருந்த காலத்தில் எனக்கு வந்த ராடுகளில் பாதிக்கு மேல் இந்த வெள்ளைப் பூச்சுதான். நம் கிழக்குப் பக்கத்து போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடு ஏறினால் அது உடைந்து, வாயு பிரிந்து, மிச்சம் சுண்ணாம்பாகக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். எங்கே சூடு அதிகமோ அங்கேதான் அதிகம் ஒட்டும். அதனால்தான் வாளி சுத்தமாக இருக்கிறது, ராடு மட்டும் சுண்ணாம்பு பூசிக்கொள்கிறது.

இனி பில் விஷயம். பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான். பூச்சு இருப்பதால் கரண்ட் வீணாவதில்லை. ராடு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிறது. உள்ளே பிறக்கும் சூடு கொஞ்சம் தாமதித்தாலும் கடைசியில் தண்ணீருக்குத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. 1500 வாட் ராடு 20 லிட்டரை 30 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 28 நிமிஷம் எடுக்கும். பூச்சு இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

அப்படியென்றால் முக்கால் மணி எங்கிருந்து வந்தது? வோல்டேஜைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஊரே மோட்டார் போடும் நேரத்தில் 230 என்பது 190-க்கு இறங்கினால், 1500 வாட் ராடு சுமார் 1000 வாட்தான் தரும். 28 நிமிஷம் 41 ஆகிவிடும். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாட்களில் தண்ணீரும் சில்லென்றுதான் இருக்கும், அதுவும் சேரும். பிளக் பாயிண்டில் கருகல் வாசனை வந்தால், உள்ளே பிடிமானம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை உடனே மாற்றச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ராடு போடுவதை நிறுத்துங்கள். 16 ஆம்பியர் மூன்று பின் பாயிண்ட்தான் வேண்டும், எர்த்தும் சரியாக இருக்க வேண்டும்.

சரி, பூச்சு அப்போது என்னதான் கெடுதல் செய்கிறது? ராடைக் கொல்கிறது. வெளியே தெரிவது தாமிரக் குழாய், மேலே நிக்கல் பூச்சு. உள்ளே மெக்னீசியம் ஆக்சைடு தூளுக்கு நடுவே நிக்ரோம் கம்பிச் சுருள். சுண்ணாம்பு தாமிரத்தை விட நூறு மடங்குக்கும் மேல் மோசமாகத்தான் சூட்டைக் கடத்தும். வெளியே தண்ணீர் சாதாரணமாக இருக்க, உள்ளே சுருள் தவித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் அறுந்துவிடும், அல்லது குழாய் வெடித்துத் தண்ணீர் உள்ளே போகும். உங்கள் முதல் ராடு போனது இப்படித்தான் இருக்கும்.

சுத்தம் செய்ய மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் தூள் வாங்குங்கள், லெமன் சால்ட் என்றும் சொல்வார்கள். கிடைக்காவிட்டால் வினாகிரி, அதாவது வினிகர். பிளக்கைப் பிடுங்கி ராடு ஆறிய பிறகு, ஒரு லிட்டர் சூடான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி தூள் கலந்து, சுருள் மட்டும் மூழ்கும் அளவுக்குச் சின்ன பிளாஸ்டிக் பாத்திரத்தில் நிறுத்துங்கள். மேலே கைப்பிடியும் வயர் நுழையும் இடமும் நனையவே கூடாது. சோடா மாதிரி நுரைக்கும். பூச்சு மிச்சமிருக்கும்போதே நுரை அடங்கினால் தூளின் வீரியம் தீர்ந்தது, புதிதாகக் கலக்குங்கள். அரை மணி முதல் ஒரு மணி வரை போதும். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் பூச்சோடு நிக்கலும் கெடும். பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துக் காய வைத்த பிறகுதான் பிளக்கில் போட வேண்டும். கரைசலுக்குள் இருக்கும்போது சுவிட்ச் போடவே கூடாது.

பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். இளவயதில் நானும் அவசரத்துக்கு ஒரு ராடை அதில் முக்கினேன். ஐந்து நிமிஷத்தில் பளபளவென்று ஆனது, அதே வேகத்தில் நிக்கலும் போய்ச் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. மூன்று வாரத்தில் அந்த வாடிக்கையாளர் சாரே, சாரே என்று வாசலில் நின்றார். அந்த ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடர் கலந்தால் இன்னும் ஆபத்து, விஷ வாயு வரும்.

இந்த வெள்ளைக்கும் நம் பக்கத்தில் பேசுகிற ஃபுளோரைடுக்கும் சம்பந்தமில்லை. காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது, குடிதண்ணீருக்கு அது தனிப் பிரச்சினை.

பூச்சு ரவை அளவுக்கு வந்ததும் கழுவிவிட்டால், அப்புறம் சுரண்ட வேண்டிய நிலை வராது. மழைத் தண்ணீர் சேமித்திருந்தால் குளிக்க அதைச் சூடு பண்ணுங்கள், ராடு வெள்ளையாவது அபூர்வம். தண்ணீர் ராடில் உள்ள குறி வரை நிரம்பியிருக்கட்டும். வாளியில் கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்து பிளக்கையும் எடுத்துவிடுங்கள்.

கத்தி பட்டிருக்கிறது என்பதால் ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். கழுவிக் காய்ந்த ராடை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 1500 வாட் ராடு பிளக்கின் சின்ன இரண்டு பின்னுக்கு நடுவே (பெரியது எர்த்) 35 ஓம் அளவில் காட்ட வேண்டும். அந்தப் பின்னில் ஒன்றுக்கும் வெளிக் குழாய்க்கும் நடுவே மீட்டர் கொஞ்சம் அசைந்தாலும், பச்சை பிடித்த ஊசி ஓட்டை கண்ணில் பட்டாலும், இன்னொரு தடவை அதைத் தண்ணீரில் இறக்காதீர்கள். வயரை அறுத்துவிட்டு ஆக்ரிக் கடையில், அதாவது பழைய சாமான் கடையில் போடுங்கள். செம்புக்கு நல்ல விலை தருவார்கள்.