கேள்வி – பதில்: வால்பேப்பர் மாற்றினால் புது லினக்ஸா?

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 60 கணினிகள். டெபியன் 12 என்ற லினக்ஸில் தமிழ் எழுத்துருக்கள், ஆக்டேவ் (கணக்கீட்டு மென்பொருள்), லிப்ரே ஆபிஸ் எல்லாம் சேர்த்து, கல்லூரிப் பெயரும் முத்திரையும் போட்டு ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவல் வட்டின் படிமம்) தயாரித்திருக்கிறோம். இதைத் தனி டிஸ்ட்ரோ (லினக்ஸ் விநியோகம்) என்று அறிவிக்கலாமா?
— ஆய்வகப் பொறுப்பாளர், திருநெல்வேலி

அறிவிப்பதற்கு முன் ஒன்று யோசியுங்கள். நாளைக்கே ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வந்தால், உங்கள் 60 கணினிகளுக்கும் திருத்தம் எங்கிருந்து வரும்? டெபியன் பாதுகாப்புக் குழுவிடமிருந்து என்றால், உங்களிடம் இருப்பது டெபியன்தான். நீங்கள் போட்டுவிட்டது சட்டை மட்டும்.

எந்தப் பொதிகளுக்கு (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகளுக்கு) யார் பொறுப்பு என்பதுதான் ஒரு டிஸ்ட்ரோவின் எல்லை. டெபியனை 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் அறிவித்தார். 1997-இல் அதன் சமூக ஒப்பந்தம் இந்த எல்லையை எழுத்தில் வைத்தது. களஞ்சியத்தில் (பொதிகள் இருக்கும் சர்வரில்) 'மெயின்' பகுதி மட்டுமே டெபியன். 'கான்ட்ரிப்', 'நான்-ஃப்ரீ' இரண்டும் அதே சர்வரில் இருந்தாலும் டெபியனின் அங்கம் அல்ல என்கிறது ஒப்பந்தம். உபுண்டு வேறு மாதிரி பிரிக்கிறது: 'மெயின்' பகுதி அதை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் பொறுப்பு, 'யூனிவர்ஸ்' சமூகத்தின் பொறுப்பு. இரண்டிலும் கோடு எங்கே என்று பயனருக்குத் தெரியும். உங்கள் ஐஎஸ்ஓ-வில் அந்தக் கோடு எங்கே?

உங்கள் தேவைக்கு டிஸ்ட்ரோ வேண்டாம், ஒரு மெட்டாபொதி போதும். தன்னுள் மென்பொருள் இல்லாமல், மற்றப் பொதிகளின் பட்டியலை மட்டும் சுமக்கும் பொதி அது. பள்ளிகளுக்காக நார்வேயில் பிறந்த ஸ்கோலேலினக்ஸும் இன்று 'டெபியன் எடு' என்ற பெயரில் டெபியனுக்குள்ளேயேதான் இருக்கிறது. 'ஈக்விவ்ஸ்' பொதியை நிறுவி, 'ஈக்விவ்ஸ்-கண்ட்ரோல்' கட்டளையால் வார்ப்புருக் கோப்பு ஒன்றை உண்டாக்குங்கள். அதில் உங்கள் மென்பொருள் பட்டியலை எழுதி 'ஈக்விவ்ஸ்-பில்ட்' கொடுத்தால் .டெப் கோப்பு தயார்.

பட்டியலை 'டிபெண்ட்ஸ்' (கட்டாயத் தேவை) வரியில் எழுதாதீர்கள், 'ரெகமெண்ட்ஸ்' (பரிந்துரை) வரியில் எழுதுங்கள். முன்னதில் எழுதினால், ஒருவர் ஆக்டேவை நீக்கும்போது மெட்டாபொதியும் கூடவே போகும். அடுத்த 'ஆட்டோரிமூவ்' (இனித் தேவையில்லாத பொதிகளை நீக்கும் கட்டளை) மிச்சப் பொதிகளையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆனால் 'நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ்' (பரிந்துரைகளை நிறுவாதே) என்ற அமைப்பு போட்டிருக்கும் கணினியில் வெறும் பெட்டிதான் இறங்கும். நிறுவும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இயங்குதளத்தின் அடையாளத்தைச் சொல்லும் 'ஓஎஸ்-ரிலீஸ்' கோப்பில் பெயர், ஐடி, கோட்நேம் (வெளியீட்டின் செல்லப்பெயர்) மூன்றையும் எங்களுடையதாக மாற்றினோம். உடனே வெளியார் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்ட் 'இந்த இயங்குதளத்துக்கு ஆதரவில்லை' என்றது. சில வாரம் கழித்துப் பார்த்தால் எங்கள் பெயரே காணோம், பழையபடி டெபியன் என்று வருகிறது!
— வாசகர், கோவை

இரண்டும் வேறு வேறு கோளாறு.

முதலாவது: அந்த மாதிரி ஸ்கிரிப்டுகள் ஐடி-யைப் பார்த்து எந்த டிஸ்ட்ரோ என்று முடிவு செய்கின்றன, கோட்நேமைக் கொண்டு களஞ்சிய முகவரியை அமைக்கின்றன. டெபியன் 12-இன் கோட்நேம் 'புக்வர்ம்'. அந்த இடத்தில் 'பொருநை' என்று நீங்கள் எழுதினால், களஞ்சியத்தில் அப்படி ஒரு கோப்புறையே கிடையாது. பொதிகளை இறக்கும் ஏபிடி கருவி 404 (கோப்பு இல்லை) பிழை காட்டும். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22-ஐப் பாருங்கள். சொந்தக் கோட்நேம் 'வில்மா'. கூடவே உபுண்டு_கோட்நேம் என்ற தனி வரியில் 'நோபிள்', ஐடி_லைக் (எதைப் போன்றது) வரியில் உபுண்டு, டெபியன். தனிப் பெயரும் வைத்துக்கொண்டார்கள், பூர்வீகத்தையும் மறைக்கவில்லை. உங்களுக்கென்று சொந்தக் களஞ்சியம் இல்லையென்றால் திரையில் காட்டும் பெயரான 'பிரெட்டி_நேம்' வரியை மட்டும் மாற்றுங்கள், ஐடி-யில் கை வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் சிறிய எழுத்து, இடைவெளி கூடாது, ஐடி_லைக்கில் டெபியன் கட்டாயம்.

இரண்டாவது: அந்தக் கோப்பு 'பேஸ்-ஃபைல்ஸ்' பொதிக்குச் சொந்தம். சுமார் 2 மாதத்துக்கு ஒருமுறை வரும் டெபியனின் சிறு வெளியீடு ஒவ்வொன்றிலும் அந்தப் பொதி புதுப்பிக்கப்படும், உங்கள் திருத்தம் அழியும். 'இடிசி' கோப்புறையில் இருப்பது வெறும் சிம்லிங்க் (அசலைச் சுட்டும் இணைப்பு). அசல் கோப்பு 'யூஎஸ்ஆர்/லிப்' உள்ளே. உங்கள் பொதியிலிருந்து 'டிபிகேஜி-டைவர்ட்' கட்டளை கொண்டு அந்த அசலை ஒதுக்கிவிட்டு, அங்கே உங்கள் கோப்பை வையுங்கள்.

உபுண்டுவில் சில பொதிகளை மாற்றி, 'உபுண்டு' என்ற சொல்லைச் சேர்த்தே பெயர் வைக்கலாமா? திறமூலம்தானே?
— மாணவர், மதுரை

நிரல் திறமூலம், பெயர் வணிகச் சின்னம். மாற்றிய பதிப்பை அந்தப் பெயரில் விநியோகிக்க கனானிக்கலின் ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் பெயர், சின்னம் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். டெபியனே இதில் மாட்டியிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் பெயர், சின்னம் பற்றி மொசில்லாவோடு ஒத்துவராமல் 2006-இல் அதை 'ஐஸ்வீசல்' ஆக்கினார்கள். 2016-இல்தான் பழைய பெயர் திரும்பியது.

ஐஎஸ்ஓ-வை பென்டிரைவில் மாணவர்களுக்குக் கொடுக்கிறோம். மூல நிரலும் தரவேண்டுமா?
— ஆசிரியர், தஞ்சாவூர்

ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வரும் பொதிகளுக்குத் தரவேண்டும். 'டெபியன் தளத்தில் இருக்கிறதே' என்று சும்மா இருக்காதீர்கள். அங்கே புதுப் பதிப்பு வந்ததும் பழையது வழக்கமான களஞ்சியத்திலிருந்து போய்விடும். நீங்கள் கொடுத்த அதே பதிப்பின் மூல நிரல்தான் கணக்கு. ஐஎஸ்ஓ தயாரிக்கும் அன்றே 'ஏபிடி சோர்ஸ்' கட்டளை கொண்டு எல்லாவற்றையும் இறக்கி, ஐஎஸ்ஓ தேதியைப் பெயராக வைத்து ஒரு வன்தட்டில் போட்டுவையுங்கள். கையில் வாங்கும்போதே மாணவர் அதையும் நகலெடுத்துக்கொள்ள வழி இருக்கட்டும்.