போன் வயரில் வரும் இன்டர்நெட்: கொம்பனியை மாற்றுவதற்கு முதல் சொக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. மில்டன் கீன்ஸில் வாடகை வீட்டுக்கு வந்து ஒரு மாதம், வேகம் 36 மெகாபிட் என்று சொல்லித் தந்த இன்டர்நெட் 7க்கு மேல் ஏறவில்லை, மழை பெய்தால் அறுந்து அறுந்து வருகிறது, சுவரில் துளை போட்டு ஃபைபர் இழுக்க வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறார், இந்தப் போன் லைனை வைத்துக்கொண்டு எந்தக் கொம்பனிக்கு மாறலாம் என்பது முதலாவது. எந்த சிம் மலிவு என்பது இரண்டாவது. பேசாமல் லண்டனுக்கே வந்துவிடலாமா என்பது மூன்றாவது. கடைசி இரண்டுக்கும் பதில் சொல்ல ஆட்கள் நிறைய. முதலாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். மழைக்கு அறுகிற லைனோடு லண்டன் ஈஸ்ட் ஹாமில் காலம் தள்ளியவன் நான்.

முதலில் ஒன்று சொல்கிறேன். அவசரப்பட்டுக் கொம்பனி மாற வேண்டாம். விளம்பரத்தில் இருபது பெயர் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் போன் வயர் ஒன்றுதான், அது ஓப்பன்ரீச் என்ற நிறுவனத்தின் சொத்து. மற்றவர்கள் அதை வாடகைக்கு எடுத்து உங்களுக்கு விற்கிறார்கள். (ஹல் நகரத்தில் மட்டும் கதை வேறு, அங்கே கேகொம் என்று தனி வலையமைப்பு.) வயரில் பழுதென்றால் எந்தக் கொம்பனிக்குப் போனாலும் அதே பழுது உங்களோடு கூடவே வரும். புதிதாக 24 மாத ஒப்பந்தம் ஒன்றுதான் மிச்சம்.

எங்கட ஆட்களிடம் கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் கவனம். கோயிலிலோ கலியாண மண்டபத்திலோ ஒருவர் வந்து "நான் வைத்திருக்கிற கொம்பனிதான் திறம், லிங்க் அனுப்பிவிடுகிறேன்" என்பார். அந்த லிங்க் வழியாக நீங்கள் சேர்ந்தால் அவருக்கு ஒரு கூப்பன் வரும். அதை அவர் சொல்லமாட்டார். ஒரு வருட வாடகைப் பத்திரத்தில் இருக்கிற பிள்ளையை 24 மாத ஒப்பந்தத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, வீடு மாறும்போது ஒப்பந்தத்தை முறித்ததற்கு உடைப்புக் காசு கட்ட வைத்தவர்களை எனக்குத் தெரியும். இடையில் விலை கூடுவது வேறு. 2025 ஜனவரியிலிருந்து எவ்வளவு கூடும் என்று பவுண்ட், பென்ஸ் கணக்கில் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று, இந்தக் கொம்பனிகளைக் கண்காணிக்கிற ஒஃப்கொம் விதி போட்டிருக்கிறது. கையெழுத்துக்கு முதல் அந்த வரியைத் தேடி வாசியுங்கள்.

சரி, லைனுக்கு வருவோம். உங்களுக்கு "ஃபைபர்" என்று விற்றிருப்பார்கள். தெருமுனையில் நிற்கிற பச்சைப் பெட்டி வரைக்கும்தான் அது ஃபைபர். அங்கிருந்து உங்கள் வீடு வரை பழைய போன் வயர். பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு 70க்கு மேல் வரும், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு இருபதுகளில் நிற்கும். இதற்கும் ஃபைபர் என்று பெயர் வைத்து விற்க விட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதோடு அந்த 36 என்பது சராசரி. 2018 மே மாதத்திலிருந்து, இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வாடிக்கையாளரில் பாதிப் பேருக்காவது கிடைக்கிற வேகத்தைத்தான் விளம்பரத்தில் போடலாம். அதற்கு முதல் பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே போதும் என்றிருந்தது. ஆகவே 36 உங்களுக்கான வாக்குறுதி என்று எடுக்க வேண்டாம். உங்களுக்கான எண் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மில்டன் கீன்ஸுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அது 1967இல் அறிவித்துக் கட்டிய புதுநகரம். அந்தக் காலத்தில் செம்பு விலை ஏறியிருந்ததால் பல இடங்களில் அலுமினிய வயரைப் புதைத்தார்கள். செம்பு கடத்துவதில் ஏறக்குறைய அறுபது வீதம்தான் அலுமினியம் கடத்தும், வயரும் வயரும் சேரும் பொருத்துகளில் ஈரம் பட்டால் கெதியில் அரித்தும் போகும். இதைச் சொன்னால் "சும்மா கதை விடாதே" என்று சிரிக்கிற ஆட்களும் இங்கே இருக்கிறார்கள். சிரிக்கட்டும். உங்கள் தெருவில் என்ன வயர் என்று இங்கிருந்து எனக்குச் சொல்ல முடியாது. வருகிற எஞ்சினியரிடம் கேளுங்கள், அவர்கள் மறைக்கமாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து வேகத்தைப் பாருங்கள். வைஃபையில் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகக்கூடாது, போனால் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுவீர்கள். பிறகு பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சின்க் வேகம் (ரவுட்டருக்கும் தெருப் பெட்டிக்கும் இடையில் லைன் பிடித்திருக்கிற வேகம்), நொய்ஸ் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க லைனில் மிச்சமிருக்கிற இடைவெளி), அட்டெனுவேஷன் (வயரில் வருகிற வழியில் சிக்னல் தேய்கிற அளவு). சின்க் 30க்கு மேல் இருந்து, கேபிளில் 7 வந்தால் பழுது வயரில் இல்லை, கொம்பனிப் பக்கம் நெரிசல். சின்க்கே 7 என்றால் வயர்தான்.

அடுத்தது சுவரில் இருக்கிற பிரதான சொக்கெட். லைன் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் வெள்ளைப் பெட்டி இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் இரண்டு திருகாணி. கழற்றினால் உள்ளே இன்னொரு துளை தெரியும். அதுதான் சோதனைச் சொக்கெட். (திருகாணி இல்லாத புது வகை பக்கங்களில் அமத்தினால் கழரும்.) கீழ்ப்பாதி உங்கள் பக்கம், தொடலாம். மேல்பாதியும் அதற்குப் பின்னால் இருப்பதும் ஓப்பன்ரீச்சினுடையது, கைவைக்காதீர்கள். ரவுட்டரை ஒரு பில்டரோடு (போனையும் இன்டர்நெட்டையும் பிரிக்கிற சின்னப் பெட்டி) அந்தச் சோதனைச் சொக்கெட்டில் செருகி, அரை நாளாவது விட்டுப் பாருங்கள். வேகம் ஏறினால் பழுது வீட்டுக்குள் ஓடுகிற வயரில். வாடகை வீடுகளில் இது சாதாரணம். போன வாடகைக்காரர் யாரோ அறை அறையாக இழுத்துவிட்ட நீட்டிப்பு வயர்கள், சுவரின் மூலையில் பெயிண்டுக்கு அடியில் கிடக்கும். அந்த நீட்டிப்பு வயர்களில் மூன்றாம் இலக்க முனைக்குப் போவது பழைய போன் மணி அடிப்பதற்கான வயர். இன்றைய போன்களுக்கு அது தேவையே இல்லை, இரைச்சலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதுதான் அதன் ஒரே வேலை. வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு அதைக் கழற்றினாலே பல வீடுகளில் வேகம் வடிவாக ஏறும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் எஞ்சினியரைக் கூப்பிட்டால், பழுது வீட்டுக்குள் இருந்தால் அதை எழுதிவிட்டுப் போவார், செலவு உங்கள் பில்லில் ஏறும்.

மழைக்கு அறுகிறது என்றீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான அறிகுறி. சொக்கெட்டில் சாதாரண வயர் போன் ஒன்றைச் செருகினால் டயல் சத்தம் வருகிறதா? வந்தால் 17070 என்ற லைன் சோதனை இலக்கத்தை அடித்து, இரண்டை அமத்துங்கள். லைன் அமைதியாக இருக்க வேண்டும். எண்ணெயில் வெங்காயம் வதங்குகிற மாதிரிச் சத்தம் கேட்டால் எங்கோ ஒரு பொருத்துக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மழை நாளில் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். அப்போது "இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது" என்று முறையிடாதீர்கள். "போன் லைனில் சத்தம்" என்று சொல்லுங்கள். இன்டர்நெட் என்றால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள், போன் சத்தம் என்றால் ஆள் அனுப்புவார்கள். டயல் சத்தமே இல்லாத இன்டர்நெட் மட்டும் உள்ள லைன் என்றாலோ, போன் ரவுட்டரில் செருகியிருந்தாலோ இந்தச் சோதனை பலிக்காது. பழைய முறைப் போன் 2027 ஜனவரியோடு எல்லோருக்கும் நிறுத்தம் என்று அறிவித்திருப்பதால் இந்த உபாயத்துக்கும் ஆயுள் குறைவு.

ரவுட்டரை அணைத்துப் போடுவது பற்றி இரண்டு வார்த்தை. எங்கட ஆட்களுக்கு எல்லா வருத்தத்துக்கும் பனடோல், எல்லா இன்டர்நெட்டுக்கும் அணைத்துப் போடுதல். செய்யாதீர்கள். லைனை ஒரு தானியங்கி முறை கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. அடிக்கடி அறுந்தால் லைன் தள்ளாடுகிறது என்று கணக்கெடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்துவிடும். நீங்கள் அணைப்பதும் அதற்கு அறுந்த மாதிரித்தான். புது இணைப்பு வந்த முதல் பத்து நாளாவது ரவுட்டரை அதன் பாட்டில் விடுங்கள்.

ஒரே நேரத்துக்கு, தினமும் அறுகிறதா என்றும் பாருங்கள். வேல்ஸில் அபெர்ஹோசன் என்று ஒரு கிராமம். அங்கே ஒன்றரை வருடமாகக் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க இன்டர்நெட் விழுந்தது. கேபிளைக் கூட மாற்றிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் 2020இல் எஞ்சினியர்கள் அலைவரிசை பார்க்கிற கருவியோடு விடியப்புறம் மழையில் நடந்து பிடித்தது என்ன தெரியுமா? ஒரு வீட்டில் காலை ஏழு மணிக்குப் போடுகிற பழைய ரீவி ஒன்று, அது கிளப்பிய மின் இரைச்சல்தான் லைனைக் குழப்பியது! அப்படிச் சந்தேகம் இருந்தால் ஒரு மீடியம் வேவ் ரேடியோவை 612 கிலோஹேர்ட்ஸுக்குத் திருப்பி, வீட்டில் இருக்கிற சார்ஜர், மீன்தொட்டி, மினுக்கு லைட் பக்கமெல்லாம் கொண்டுபோங்கள். இரைச்சல் எங்கே கூடுகிறதோ அங்கே பழுது.

கோல் சென்டரில் எப்படிக் கதைப்பது என்பதற்குத் தனியாக வகுப்பே எடுக்கலாம். நான் 2001இல் வந்தபோது எனக்கு முன்னால் வந்தவர்கள் சொன்ன ஒரே புத்தி "இங்க எல்லாம் இப்படித்தான், பழகிப் போடும்". பழகிப் போய் இருபது வருடம் கூடுதலாகக் காசு கட்டினவர்கள் அவர்கள். ஈஸ்ட் ஹாம் வீட்டில் எட்டுப் பேர், ஒரு போன் லைன். இன்டர்நெட் டயல் பண்ணி ஏறினால் வேறு யாரும் போன் எடுக்க முடியாது, எடுத்தால் அறுந்துவிடும். ஊருக்குக் கதைக்க ஐந்து பவுண்ட் கார்ட் வாங்கிச் சுரண்டி, அம்மா ஊரில் கொமினிகேஷனுக்கு (போன் பேசுகிற கடை) வந்து காத்திருக்கிற நேரத்துக்கு அடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மேல் அறை அண்ணன் தமிழ்ச் செய்திப் பக்கம் திறந்துகொண்டு இருப்பார். நடந்த சண்டைகளைப் பற்றி எழுதினால் ஒரு புத்தகம் வரும். பிறகு அண்ணன்மார் ஒவ்வொருவராகக் கலியாணம் கட்டிப் போக, அந்த வீட்டு லைன் என் பெயருக்கு வந்தது, அதன் பழுதும் என் பெயருக்கு வந்தது.

2009 ஏப்ரல், மே. ஊரில் போரின் கடைசி நாட்கள். பகலில் பாராளுமன்றச் சதுக்கத்துப் போராட்டத்தில் நின்றுவிட்டு இரவு வீட்டுக்கு வந்து பார்த்தால் லைன் விழுந்து கிடக்கும். ஊரில் யார் எங்கே என்று தெரியாத நாட்கள். ஒரு படம் மேலிருந்து கீழே இறங்க இறங்கப் பார்த்துக்கொண்டிருப்போம், பாதியில் நிற்கும். அப்போது கொம்பனிக்கு அடித்தேன், பெயர் வேண்டாம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும் ரவுட்டரை அணை, போடு. கடைசியில் இதைவிடப் பெரிய பேக்கேஜ் எடுங்களேன் என்று ஒருவர் கேட்டார். அன்றிலிருந்துதான் ஒரு கொப்பி வாங்கித் திகதி, நேரம், கதைத்தவரின் முதல் பெயர், சொன்ன பதில் என்று எழுதத் தொடங்கினேன். இந்த நாட்டில் சத்தம் போட்டால் போனை வைத்துவிடுவார்கள். குரலைத் தாழ்த்தி, "நான் முறைப்படி புகார் பதிவு செய்ய விரும்புகிறேன், புகார் இலக்கம் தாருங்கள்" என்று கேட்டால் எதிர்ப்பக்கக் குரலே மாறும். அடுத்த கிழமை ஆள் வந்தார். தெருப் பெட்டி ஒன்றைத் திறந்து, பச்சை பிடித்த பொருத்தைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு, அரை மணித்தியாலத்தில் புதிதாகப் போட்டுத் தந்தார். அருமையான மனிதர், தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி கேட்டார்.

உங்களுக்கு என் காலத்தில் இல்லாத ஆயுதமும் இருக்கிறது. சேரும்போது உங்கள் முகவரிக்கு "குறைந்தபட்ச உத்தரவாத வேகம்" என்று ஒரு எண் கொடுத்திருப்பார்கள். உங்களுக்கான எண் என்று சொன்னேனே, அது இதுதான், வந்த மின்னஞ்சலில் தேடுங்கள். ஒஃப்கொம்மின் வேக நெறிமுறையில் கையெழுத்திட்ட கொம்பனி என்றால், 2019 மார்ச்சிலிருந்து இதுதான் கணக்கு: வேகம் அந்த எண்ணுக்குக் கீழே போய், நீங்கள் முறையிட்டு, 30 நாளுக்குள் சரி செய்ய முடியாவிட்டால் உடைப்புக் காசு இல்லாமல் வெளியேறலாம். அந்த எண் 25 ஆக இருந்து உங்களுக்கு 7 வந்தால் பந்து உங்கள் பக்கம். எண்ணே 6 என்று எழுதியிருந்தால் அதை வாசிக்காமல் ஓம் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம், அப்போது சொக்கெட்டும் பொருத்தும்தான் வழி.

இன்னொரு பக்கத்தால் வீட்டுக்காரரையும் விடாதீர்கள். மில்டன் கீன்ஸில் 2018இலேயே சிட்டிஃபைபர் வீடு வீடாக ஃபைபர் பதிக்கத் தொடங்கியது. உங்கள் தெருவில் அது ஓடுகிறதா என்று முகவரியைப் போட்டுப் பாருங்கள். துளை பென்சில் பருமன்தான் வரும், வீட்டின் மதிப்பு கூடும், அடுத்த வாடகைக்காரர் இதைக் கேட்டுத்தான் வருவார் என்று எழுத்தில் கேளுங்கள். எங்கட வீட்டுக்காரர் என்றால் இன்னும் கஷ்டம், "நாங்கள் வந்த காலத்தில்" என்று தொடங்கிவிடுவார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் எழுத்தில் கேளுங்கள்.

சிம்மை மாதம் மாதம் நிறுத்தக்கூடியதாகப் பார்த்து எடுங்கள், எது என்பது உங்கள் தெருவில் எது பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. லண்டனுக்கு இன்டர்நெட்டுக்காக வராதீர்கள், வாடகையைக் கேட்டால் 7 போதும் என்று சொல்வீர்கள். அந்த மூன்று எண்களையும், சோதனைச் சொக்கெட்டில் வந்த வேகத்தையும் இங்கே எழுதுங்கள். மழை நாளில் ஒருமுறை, வெயில் நாளில் ஒருமுறை எடுத்தால் இன்னும் நல்லது.