தோட்டச் சங்கத்துச் செடி விற்பனையில் தொழில்காரர் வாங்கலாமா?

கேள்வி: கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் சிறு தொழில் செய்கிறேன். மே மாதத்தில் ஊர்த் தோட்டச் சங்கங்கள் நடத்தும் செடி விற்பனையில் விலை நர்சரியைவிட நல்ல மலிவு. அங்கே வாங்கி வாடிக்கையாளர் வீடுகளில் நடலாமா? தொழில் செய்பவன் போய் வாங்கினால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் மலிவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பல உறுப்பினர்கள் தங்கள் வீட்டுச் செடியைக் கிளறிப் பிரித்துத்தான் சட்டியில் வைக்கிறார்கள். அதாவது ஒன்ராறியோக் குளிரைப் பல வருடம் தாங்கிய செடி. கொண்டுவந்தவரும் பெரும்பாலும் மேசைக்குப் பின்னால் நிற்பார். எத்தனை மணி நேர வெயிலில் நிற்கிறது, களிமண்ணா, எவ்வளவு உயரம் போகும் என்று அவரிடமே கேளுங்கள். நர்சரி லேபிளில் பொதுவான அளவுதான் இருக்கும், நம் ஊர்த் தோட்டத்தில் எப்படி வளர்ந்தது என்பது இருக்காது.

எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். ஒரே செடி மேசை நிறைய இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அளவுக்கு மீறிப் பரவுவதால்தான் அவ்வளவு பிரித்துக் கொடுக்க முடிகிறது. கவுட்வீட், பெரிவிங்கிள், லில்லி ஆஃப் த வாலி மூன்றையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். வேலிக்கு அந்தப்பக்கம் போன பிறகு நிறுத்துவது கஷ்டம்.

அதைவிடப் பெரிய கவலை மண். ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் மண்புழு (ஜம்பிங் வேர்ம்) இப்போது ஒன்ராறியோவிலும் இருக்கிறது. மேல்மண்ணை காபித் தூள் சக்கை மாதிரி உதிரியாக்கிவிடும். அந்த மண்ணில் வேர் பிடிக்காது, ஈரமும் நிற்காது. வளர்ந்த புழு குளிரில் செத்துவிடும். முட்டைக்கூடுகள் சாகாது. அவை இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், நிறமும் மண் நிறம், அதனால் மே மாதத்தில் சட்டியைக் கிளறிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாதாரண வீட்டுக்காரர் வாங்கினால் பெரும்பாலும் அந்த வீட்டோடு போகும். ஆனால் உங்கள் மண்வெட்டியும் ட்ரக்கும் அடுத்த வாரம் இன்னொரு வீட்டுக்குப் போகிறதே!

ஆகவே வேரைக் கழுவி, கடையில் வாங்கிய புது மண்கலவையில் வைத்து விற்கும் சங்கமா என்று முதலில் கேளுங்கள். பல சங்கங்கள் இப்போது அப்படித்தான் செய்கின்றன. தோட்டத்து மண்ணோடு கொடுத்தால், நடும் முன் நீங்களே ஒரு வாளியில் வேரை மண் போகக் கழுவுங்கள். அந்தச் சேற்றைத் தோட்டத்தில் ஊற்றாமல் வெயிலில் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். 40 பாகை செல்சியஸ் சூடு மூன்று நாள் இருந்தால் முட்டைக்கூடுகள் செத்துவிடும்.

ஹொஸ்டா (நிழலில் வைக்கும் அகன்ற இலைச் செடி) வாங்கினால் இலையை நன்றாகப் பாருங்கள். நரம்போரம் மை ஊறினதுபோல் நிறம் கசிந்திருந்தால் ஹொஸ்டா வைரஸ் எக்ஸ் ஆக இருக்கலாம். மருந்து கிடையாது. பிரிக்கும் கத்தியில் ஒட்டும் சாறு மூலம் அடுத்த செடிக்குப் போய்விடும். வேலிக்கு வைக்கும் பாக்ஸ்வுட் புதர்ச் செடியை நர்சரியிலேயே வாங்குங்கள். 2018இல் ரொறொன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்ட பாக்ஸ் மரப் பூச்சியின் புழு அதை மொட்டையாக்கிவிடும்.

தப்பாக நினைப்பார்களா என்றால், கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய் ஒரு மேசையையே அள்ளினால் நினைப்பார்கள், அது நியாயமும்கூட. அந்த விற்பனை அக்கம்பக்கத்தாருக்காக. கடைசி மணி நேரத்தில் போங்கள், நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். மிஞ்சினதை யாராவது எடுத்துப்போனால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். ஒரே மாதிரி முப்பது செடி வேண்டிய வேலைக்கு இந்த இடம் சரிவராது. ஒரு மூலைக்கு மூன்று எக்கினேசியா, ஒரு பீயோனி என்றால் சரி.

கணக்குக்கு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்குங்கள். சங்கத்துக்கு எச்எஸ்டி (விற்பனை வரி) எண் இல்லையென்றால் நீங்கள் அரசிடம் திரும்பக் கேட்க வரி எதுவும் இல்லை. நீங்கள் அந்த வரிக்குப் பதிவு செய்தவராக இருந்தால் வாடிக்கையாளரிடம் 13 சதவீதம் வாங்கத்தான் வேண்டும். செடி எங்கிருந்து வந்தது என்பதை பில்லில் எழுதுங்கள். ஐந்து டொலர்ச் செடியை நர்சரி விலை என்று எழுதுவது ஏமாற்று.

கேள்வி: எங்கள் வீட்டுக்குத் தோட்டம் போட்டவர் இப்படி ஒரு விற்பனையில் வாங்கிய செடிகளைப் போன இலையுதிர் காலத்தில் நட்டார். சில இன்னும் முளைக்கவில்லை. சங்கம் உத்தரவாதம் தராது, ஆகவே தானும் பொறுப்பில்லை என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. சங்கத்துக்கும் உங்களுக்கும் இடையில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. நீங்கள் காசு கொடுத்தது அவருக்கு. ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வேலை நியாயமான தரத்தில் இருக்க வேண்டும், அதை ஒப்பந்தத்தில் எழுதித் தட்டிக்கழிக்கவும் முடியாது. அதே நேரம், நீங்கள் தண்ணீர் ஊற்றாமல் பட்டுப்போயிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சரி, அவரோடு பேசும் முன் என்ன செடி என்று பாருங்கள். மில்க்வீட், குளிர் தாங்கும் பெரிய பூச் செம்பருத்தி இரண்டும் மற்றதெல்லாம் தழைத்த பிறகுதான் தலை காட்டும். ஜூன் நடுப்பகுதி வரை அந்த இடத்தைக் கொத்தாமல் விடுங்கள்.