பேரனுக்கு என்ன வாங்குவது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவள் நான். மகளுக்கு இரண்டு பையன்கள். பெரியவனுக்கு நாலு வயது, சின்னவனுக்கு வருகிற மாதம் முதல் பிறந்தநாள். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) எடுத்து வைத்திருக்கிறேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பாட்டுப் பாடும் பொம்மை போனும், காந்தக் குண்டுகளை ஒட்டி உருவம் செய்கிற டப்பாவும் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள் அம்மா. போனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அதில் சூடுபட்டவன். தங்கை மகளுக்கு அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை கீழே போட்டாள், பின்மூடி தெறித்தது, உள்ளே இருந்த சட்டைப் பொத்தான் மாதிரி பேட்டரி உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. குச்சியை விட்டுத் தள்ளி எடுக்கும்வரை யாருக்கும் மூச்சே வரவில்லை. அந்தப் பேட்டரி தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே போதும், வெளிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பேட்டரி போட்ட எந்தப் பொம்மையையும் கடையிலேயே திருப்பிப் பாருங்கள். மூடியில் திருகாணி இருக்கிறதா? நகத்தால் நெம்பினால் திறக்கிறதா? திறந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

காந்தக் குண்டு அதைவிட மோசம். இரண்டு குண்டு வயிற்றுக்குள் போனால் குடலின் இரண்டு பக்கத்தில் இருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடலை ஓட்டையாக்கிவிடும். பெரியவனுக்குத்தானே என்பீர்கள். ஒரே பாயில் உருளுகிற அண்ணன் தம்பிக்குத் தனித்தனிப் பொம்மை என்பது பெட்டி பிரிக்கும்வரைதான். சின்னவனுக்கு மூன்று வயது ஆகும்வரை, வீட்டுக்குள் வருகிற எல்லாப் பொம்மைக்கும் அவன் வயதுதான் கணக்கு.

அளந்து பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. கழிவறைத் தாள் தீர்ந்ததும் மிஞ்சுமே ஓர் அட்டைக் குழாய், அதற்குள் நுழைகிற எதுவும் சின்னவன் கைக்கு ஆகாது. பொம்மைச் சோதனையில் இதே வேலைக்கு வைத்திருக்கும் உருளையின் அகலம் 31.7 மில்லிமீட்டர், அட்டைக் குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம். கொஞ்சம் கறாராகப் பார்த்தால் தப்பில்லை. பெட்டியில் 0-3 என்று எழுதி, அழுகிற முகத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தால் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று அர்த்தம். “என் பேரன் கெட்டிக்காரன், அதெல்லாம் விளையாடுவான்” என்று வாங்குகிறவர்கள் உண்டு. அந்தக் குறி அறிவுக்குப் போட்டதில்லை, தொண்டைக்குப் போட்டது. நம் நாட்டில் 2009-இல் பொம்மைகளுக்கென்றே பாதுகாப்பு விதிகள் வந்தன; அந்த விதிப்படி இருக்கிறது என்று காட்டும் எம்.சி. முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, என்னதான் வாங்குவது? சின்னவனுக்கு, ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற சில்வர் கிண்ணங்கள் நாலு. பாத்திரக் கடையில் வாங்கும்போது விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், வெட்டக்கூடாது. போடுவான், எடுப்பான், தரையில் தட்டுவான், உங்கள் மகள் காதைப் பொத்திக்கொள்வாள். ஒரு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இல்லை. பெரியவனுக்குக் கைக்கு அடங்குகிற பெரிய மரக்கட்டைகள், ஒரு பெரிய பந்து. மிஞ்சுகிற காசில் சொங்காக் பலகை கிடைத்தால் வாங்கி உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நம் பல்லாங்குழி மாதிரிதான், இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு வீடு இருக்கும். தம்பி தூங்கும் நேரத்தில் நீங்கள் எதிரே உட்கார்ந்து ஆடினால் பையனுக்கு எண்ணிக்கை தானாக வரும். முத்துகளை எண்ணிப் போட்டு, ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுங்கள். நம் காலத்து ரப்பர் கொட்டையை நினைத்துக்கொண்டு அதை முத்தாகப் போட்டுவிடாதீர்கள். சிமெண்டில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் சூடு வைத்ததெல்லாம் சரி, ஆனால் அந்தப் பருப்பில் விஷம் உண்டு.

கேள்வி: தீபாவளிக்கு மகனுக்கு வாங்கிய ரிமோட் கார் மூன்றாம் நாளே படுத்துவிட்டது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று கடையில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: பலகை மாட்டிவிட்டால் சட்டம் மாறிவிடாது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அந்த உத்தரவாதத்தைக் கடைக்காரர் தம் இஷ்டத்துக்கு எழுதித் தள்ளிவிட முடியாது. ஆனால் பையன் அதை வாளித் தண்ணீரில் ஓட்டிப் பார்த்திருந்தால் வழக்கு நிற்காது, முதலில் அவனை விசாரியுங்கள். அப்புறம் ரசீதோடு போய்க் கடை முதலாளி தவுக்கேயிடம் பேசுங்கள். பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மசியாவிட்டால் திரிபுனல் என்கிற பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு ஐந்து வெள்ளி, வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இணையத்தில் வாங்கியதற்கும் போகலாம்.

கேள்வி: மகன் சொப்புச் சாமான் கேட்கிறான். ஆம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்கிறார் மாமனார்.

பதில்: தோட்டத்துக் கல்யாணங்களில் அண்டாவில் துடுப்புப் போட்டவர்கள் யார் என்று மாமாவிடமே கேளுங்கள். தாராளமாக வாங்குங்கள். அகப்பை மட்டும் இரண்டாக இருக்கட்டும், தாத்தாவும் கூட உட்காருவார்.