கறுப்பு மையில் ஒரு மதுரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மனோகர் தேவதாஸ் வரைந்த மதுரைக் கோட்டோவியங்களின் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பிள்ளைகளோ, "எல்லாம் கறுப்பு வெள்ளைதானே" என்று சொல்லி வேகமாகச் சுற்றி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?
– வாசகி, மேலூர்

பதில்: நீங்கள் மேலூர்க்காரர் என்பதால் யானைமலையிலிருந்தே தொடங்குங்கள். மதுரைக்குப் பேருந்தில் வரும்போது ஒத்தக்கடையருகே நீண்டு கிடக்கும் அந்தப் பாறையை உங்கள் பிள்ளைகள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். பேனாவும் கறுப்பு மையும் கொண்டு அதை வரைகிறவர், வெயில் படும் பக்கத்தை வெறும் காகிதமாகவே விட்டுவிட்டு, நிழல் விழும் பக்கத்தில் மட்டும் மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கி இழுத்துப் பாறைக்குத் திரட்சியைக் கொண்டுவர வேண்டும். பென்சிலைப்போல் அழித்துத் திருத்தவும் வழியில்லை. அடுத்த முறை பிள்ளைகளை முதலில் படத்துக்கு ஒரு முழ தூரத்தில் நிறுத்துங்கள். கோடுகள் மட்டுமே தெரியும். அப்படியே நாலு எட்டு பின்னால் வரச் சொன்னால், மலை தானாக எழுந்து நிற்கும்.

கோபுரப் படங்களில் இது இன்னும் நன்றாக விளங்கும். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களை நேரில் பார்க்கும்போது சுதைச் சிற்பங்களின் வண்ணங்களே முதலில் கண்ணை நிறைக்கின்றன. வண்ணம் விலகியதும், நிலைகள் மேலே செல்லச் செல்ல ஒடுங்கும் அளவும், சிற்பங்களுக்கிடையே தேங்கும் நிழலும் புலப்படுகின்றன. என்னைக் கேட்டால், அந்தக் கோபுரங்களின் கட்டமைப்பை உணர அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களே சிறந்த துணை.

கேள்வி: மனோகர் தேவதாஸ் பார்வையை இழந்தவர் என்று அறிந்தபின், இரக்கத்தோடுதான் படங்களைப் பார்க்க முடிகிறது. இது சரியா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: படங்களை முதலில் பாருங்கள்; வாழ்க்கைக் குறிப்பைப் பிறகு படியுங்கள். இரக்கம் முந்திக்கொண்டால் கோட்டின் நேர்த்தி நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆனால் அந்த வாழ்க்கையை ஒதுக்கிவிடவும் முடியாது. 1936இல் பிறந்து மதுரையில் வளர்ந்த அவர், சென்னையில் வேதியியலாளராகப் பணியாற்றியவர். அவரைத் தாக்கிய ரெடினிட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோயில் முதலில் இருட்டில் பார்வை குறையும். பிறகு ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். விரிந்த காட்சி ஒன்றை இப்படிச் சிறு சிறு துண்டுகளாகவே காண முடிந்த ஒருவர், அவை அனைத்தையும் மனத்தில் ஒன்றுசேர்த்து, அளவு பிசகாமல் தாளில் இறக்கினார் என்பதை நினைக்கும்போது எனக்கு இரக்கம் தோன்றவில்லை, பெருமதிப்பே தோன்றுகிறது. விபத்தினால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த மனைவி மஹிமாவை 2008இல் அந்த அம்மையார் மறையும்வரை பேணிய கைகளும் இவையே. 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது தேவதாஸுக்கு அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் காலமானார்.

கேள்வி: படத்தில் பார்த்த இடங்களை நேரில் போய்ப் பார்க்க விரும்புகிறேன். எந்த நேரம் ஏற்றது?
– கல்லூரி மாணவி, உசிலம்பட்டி

பதில்: உச்சி வெயிலில் போகாதீர்கள், அப்போது கோபுரச் சிற்பங்களின் நிழல் சுருங்கி, எல்லாம் தட்டையாகத் தெரியும். காலைச் சாய்வெயிலில் கிழக்குக் கோபுரத்தையும், மாலையில் மேற்குக் கோபுரத்தையும் வெளியிலிருந்து பாருங்கள். கோயிலுக்குள் செல்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை, அதுவும் நல்லதே. கோயில் மதிலுக்குள் இருக்கும் ஆடி வீதியில் நின்று, ஒன்பது நிலைத் தெற்குக் கோபுரத்தின் ஏதேனும் ஒரு நிலையை மட்டும் பொறுமையாகப் பார்த்து, வீட்டுக்கு வந்ததும் நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். மறுநாள் அதே இடத்துக்குப் போய், விட்டுப்போனவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.