காப்புறுதிக்காரர்கள் எப்போது பாடம் படிக்கிறார்கள்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2004 சுனாமியில் இலங்கையில் மட்டும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். உலகத்தின் பெரிய காப்புறுதிக் கம்பனிகள் அதிலிருந்து என்ன படித்தன ஐயா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: அப்போது பெரிதாக எதையும் படிக்கவில்லை. கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் தன் பையிலிருந்து காசு போனால்தான் இந்தத் தொழில் கணக்குப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டும். காலி, அம்பாந்தோட்டை, கல்முனை, முல்லைத்தீவு என்று கரை முழுக்க வீடும் வள்ளமும் போயின. அவற்றில் எத்தனைக்குக் காப்புறுதி இருந்தது? சில ஹோட்டல்கள், சில தொழிற்சாலைகள், அவ்வளவுதான். இந்தோனேசியாவின் அச்சேயிலும் இதே கதை. செத்தவர்களின் எண்ணிக்கை உலகத்தை உலுக்கியது, கம்பனிகளின் வருடாந்த அறிக்கையில் மட்டும் அது ஒரு சின்ன வரி.

அவர்களை உண்மையில் எழுப்பியது 2011 மார்ச் 11, ஜப்பான். 9.0 அளவுப் பூமியதிர்ச்சி, அதைத் தொடர்ந்த சுனாமி. மொத்த நட்டம் சுமார் 210 பில்லியன் டொலர், அதில் காப்புறுதிக் கம்பனிகள் சுமந்தது 40 பில்லியன் வரை என்று மியூனிக் ரீ என்ற மீள்காப்புறுதிக் கம்பனி கணக்கிட்டது. (கம்பனிகளுக்கே காப்புறுதி கொடுக்கும் கம்பனியைத்தான் மீள்காப்புறுதிக் கம்பனி என்கிறோம்.) அதற்கு முன்னர், எந்த இடம் எவ்வளவு குலுங்கும், எந்தக் கட்டடம் எவ்வளவு சேதமாகும் என்று கணினி மாதிரிகளை வைத்து பிரிமியம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரிகளில் இரண்டு ஓட்டைகள். வடகிழக்கு ஜப்பானுக்கு வெளியே கடலடியில் இருக்கும் பிளவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் உடையும் என்று நினைத்திருந்தார்கள். பல துண்டுகள் ஒன்றாகவே உடைந்தன. இரண்டாவது, பெரும்பாலான மாதிரிகள் குலுக்கத்தை மட்டும் கணக்கெடுத்தன, கடல் உள்ளே வருவதைக் கணக்கெடுக்கவில்லை. 869ஆம் ஆண்டில் வந்த ஒரு சுனாமி சென்டாய் சமவெளியில் விட்டுப்போன மணல் படையைப் புவியியலாளர்கள் தோண்டியெடுத்து, எதுவரை கடல் வந்தது என்று 2011க்கு முன்னரே எழுதியிருந்தார்கள். அதைப் பிரிமியம் போடுகிறவர் யார் வாசித்தார்?

2011க்குப் பிறகுதான் சுனாமியை மாதிரிகளுக்குள் ஒழுங்காகக் கொண்டுவந்தார்கள். நம் 2004 மட்டுமே அதற்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் அப்போது வெளியே வந்தது. ஜப்பானின் நாகா என்ற இடத்தில் ரெனெசாஸ் நிறுவனத்தின் கார் சிப் தொழிற்சாலை சேதமாகி நின்றதும், பூமியதிர்ச்சியை உணராத நாடுகளில் கூட கார் உற்பத்தி தடுமாறியது. 'உங்களுக்குப் பொருள் தருகிறவர் நின்றுபோனால் உங்கள் வருமான இழப்பைத் தருவோம்' என்று காப்புறுதி கொடுத்த கம்பனிகளுக்கு அந்தப் பொருள் தருகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது! அதே வருடம் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்பேட்டைகள் மூழ்கியபோது இரண்டாம் அடியும் விழுந்தது. அப்புறம்தான் விலாசங்களைக் கேட்கத் தொடங்கினார்கள்.

கேள்வி: அடுத்தடுத்து இரண்டு பூமியதிர்ச்சி வந்தால் இரண்டுக்கும் நட்டஈடு கிடைக்குமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: நியூசிலாந்தில் இதற்காகவே வருடக்கணக்கில் இழுபட்டார்கள். கிறைஸ்ட்சேர்ச் பகுதியில் 2010 செப்டெம்பரில் 7.1, 2011 பெப்ரவரியில் 6.3. சிறிய இரண்டாவதில்தான் 185 பேர் இறந்தார்கள். அங்கே 1945 முதல் அரச ஆணைக்குழு ஒன்று இருக்கிறது. அப்போது ஒரு வீட்டுக்கு முதல் ஒரு இலட்சம் நியூசிலாந்து டொலரை அது கொடுக்கும், அதற்கு மேலே போனால் தனியார் கம்பனி. ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் தனிக் கணக்கு. சுவரில் ஒரே வெடிப்பு, அது செப்டெம்பரில் வந்ததா பெப்ரவரியில் வந்ததா? பதிலைப் பொறுத்து யார் பணம் கட்டுவது என்பதே மாறும்.

பல ஒப்பந்தங்களில் 72 மணித்தியாலத்துக்குள் வருகிற அதிர்வுகளெல்லாம் ஒரே சம்பவம் என்று ஒரு விதி இருக்கும். ஐந்து மாத இடைவெளிக்கு அது உதவாது. இதன் விளைவாகத் தனியார் கம்பனிகள், எவ்வளவு செலவானாலும் வீட்டைத் திருப்பிக் கட்டித் தருவோம் என்ற பழைய வாக்கைக் கைவிட்டு, பத்திரத்தில் எழுதிய தொகைதான் உச்சம் என்று மாறிவிட்டன. கணக்குப் பார்க்கும் சுமை வீட்டுக்காரர் தலையில். கம்பனி பாடம் படித்தால் அதற்கான ரியூஷன் காசை நாங்களும் கட்டுகிறோம், வேறென்ன!

கேள்வி: பேரழிவு வந்தால் கம்பனிகள் ஓடிவிடுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஓடியதும் உண்டு, நின்றதும் உண்டு. 1906 சான் பிரான்சிஸ்கோவில் பூமியதிர்ச்சிக்குப் பிறகு தீ பரவியது. சில வெளிநாட்டுக் கம்பனிகள் கையை விரித்தன. லொயிட்ஸ் என்ற லண்டன் காப்புறுதிச் சந்தையைச் சேர்ந்த கத்பேர்ட் ஹீத், நிபந்தனை பார்க்காமல் எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார், அந்த நற்பெயராலேயே பிறகு அமெரிக்காவில் நன்றாக வியாபாரம் நடந்தது. 1994இல் கலிபோர்னியாவில் நோர்த்ரிட்ஜ் பூமியதிர்ச்சி அடித்தபோது பணம் கொடுத்தார்கள், கொடுத்த கையோடு வீட்டுக் காப்புறுதி விற்பதையே சுருக்கிக்கொண்டார்கள். 1996இல் அங்கே பூமியதிர்ச்சிக் காப்புறுதிக்கென்றே தனி அதிகாரசபை அமைக்க வேண்டி வந்தது. ஜப்பான் 1964 நீகாட்டா அதிர்ச்சிக்குப் பின், 1966இலேயே அரசும் கம்பனிகளும் சுமையைப் பகிரும் வீட்டுக் காப்புறுதியைக் கொண்டுவந்துவிட்டது. தீக் காப்புறுதித் தொகையில் 30 முதல் 50 வீதம்தான் கிடைக்கும், சுனாமியும் அதில் அடக்கம். 2011இல் வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தே முழுத் தெருக்களை 'முழு நட்டம்' என்று முடிவுசெய்து பணம் அனுப்பினார்கள்.

கேள்வி: மரைன் டிரைவ் பக்கம் வங்கிக் கடனில் ஒரு தொடர்மாடி வீடு வாங்கியிருக்கிறோம். வங்கி எடுக்கச் சொன்ன காப்புறுதி போதாதா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: வங்கி தன் கடனைக் காப்பாற்றத்தான் அதைக் கேட்கிறது. பத்திரத்தை எடுத்து, எந்தெந்த ஆபத்துகள் என்று இருக்கும் பகுதியைப் பாருங்கள். தீ இருக்கும். வெள்ளமும் இயற்கை அனர்த்தமும் தனியாகச் சேர்த்திருக்கிறதா? சுனாமி என்ற சொல் இருக்கிறதா, இல்லாவிட்டால் பூமியதிர்ச்சியால் வரும் கடல் வெள்ளம் எதற்குள் அடங்கும்? கட்டடத்துக்கு முகாமைத்துவக் குழு எடுத்த காப்புறுதி எது, உங்கள் தளபாடத்துக்கு எது என்றும் பிரித்துக் கேளுங்கள்.

அப்புறம் தொகை. காணி விலையை விட்டுவிட்டு, திருப்பிக் கட்டும் செலவைப் போட வேண்டும். சீமெந்து விலை ஏறிய பிறகும் பழைய தொகையிலேயே புதுப்பித்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். 2 கோடி ரூபா பெறுமதியானதை 1 கோடிக்குக் காப்புறுதி செய்திருந்து, 40 இலட்சத்துக்குச் சேதம் வந்தால், 40 முழுவதும் வராது. விகிதப்படி வெட்டும் விதி பத்திரத்தில் இருந்தால் 20தான் கைக்கு வரும்.

இதையெல்லாம் முகவரிடம் வாயால் கேட்டு, அவர் 'ஓமோம், எல்லாம் இருக்கு அக்கா' என்றால் நம்பிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கம்பனியின் கடிதத் தலைப்பில் எழுத்தில் வாங்கி, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள், ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலும்.